ஞாயிறு கழித்த பதினான்கு நாள்

ஜனவரி 30, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கந்தோர் வாசலில் வழக்கம் போல வாளி வைத்தாயிற்று. கூரையை மாற்றச் சொல்லி மூன்று மாரியாகச் சொல்கிறேன். சேருக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்பதில்லை. பெரியவர், அதாவது இவரின் தகப்பன், இருந்திருந்தால் ஒரே சத்தத்தில் முடிந்திருக்கும். மகன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாளியைத் தாண்டிப் போகிறார்.

சட்டக் கந்தோரில் கிளாக்காக இருபத்தாறு வருடம். வாளியும் நானும்தான் மிச்சம்.

11 மணிக்கு ஒரு பெண். ஜெயராணி, லிங்கநகர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. நனையாமல் பொலித்தீன் பைக்குள் டிக்கிரி, அதாவது தீர்ப்பின் கட்டளை. 28ஆம் திகதி பிஸ்கால் ஆள், கோட்டுக் கட்டளைகளை நிறைவேற்றுகிறவன், வந்து கையில் கொடுத்தானாம். வீட்டை விட்டு எழும்பும்படி. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. இவ ஒரு தவணைக்கும் போகவில்லை, மறுமொழியும் போடவில்லை.

"ஏன் பிள்ளை போகேல்லை?"

"துடக்கு ஐயா, செத்த வீட்டுத் தீட்டு. அப்ப என்ர மனுசன் செத்து முப்பத்தொரு நாள் முடியேல்லை. துடக்கோட கோட்டுப் படி ஏறக்கூடாது, நான் போய்த் தவணை எடுத்துத் தாறன் எண்டு அத்தான் சொன்னவர்."

அத்தான் என்றால் செத்தவரின் தமையன். பெயர் தருமலிங்கம். வழக்கைப் போட்டதே அந்த மகராசன்தான். தம்பி செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்து போட்டிருக்கிறான். அது காணி உறுதிப் பத்திரத்தைத் துப்பரவாக்குவதற்குப் பெயருக்குப் போட்ட வழக்கு என்று இவவுக்குக் கதை விட்டிருக்கிறான்.

"வழக்குப் போட்டவனே போக வேண்டாம் எண்டு சொல்லேக்க விளங்கேல்லையோ?"

"அவற்ற மகன்தானே ஐயா கொள்ளி வைச்சது. எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை மட்டும்தான். அந்த நேரம் அவரை எதிர்த்துக் கதைக்க ஏலுமோ?"

பாம்புக்குப் பால் வார்த்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே பாம்பே வந்து பால் வார்த்திருக்கிறது.

வழி உண்டு. டிக்கிரி கிடைத்துப் பதினான்கு நாளுக்குள், வராததற்குத் தகுந்த காரணம் சொல்லி மனுப் போட்டால் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வழக்கை முதலிலிருந்து கேட்பார்கள். காரணம் கல்லுப் போல இருக்கிறது. வீடு கட்டியது புருஷன். இருபத்திரண்டு வருடம் குடியிருந்த ஆட்சி. கேட்டால் இவவுக்குத்தான் வெல்லும். கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் எண்ணினேன்:
28 கிடைத்த நாள். கழி.
பெப். 2, 9 ஞாயிறு. கழி.
4 சுதந்திர தினம். கழி.
12 போயா, பௌர்ணமி விடுமுறை. கழி.
மிச்சத்தை எண்ண, 15 சனி. ஆகவே 17 திங்கள் வரைக்கும் நேரம்.

இந்தக் கோட்டு வளவில் நாள் எண்ணத் தெரிந்த கிளாக்குகள் குறைவு. மற்றக் கந்தோர்ப் பொடியன்கள்கூட என்னிடம்தான் வந்து கேட்பார்கள். வந்தோர் கொப்பியில் ஜெ.யின் பெயரும் நேரமும் பதிந்தாயிற்று.

பெப்ரவரி 4, செவ்வாய்

விடுமுறை. கொடி, ஒலிபெருக்கி, தலையிடி. மீன் வாங்கப் போனேன். கடல் கொந்தளிப்பில் இறக்கக்கண்டிப் பக்கம் வள்ளம் ஒன்றும் இறங்கவில்லையாம். ஐஸ் மீனை இன்று பிடித்தது என்று சத்தியம் பண்ணி விற்றான் ஒருவன். கோட்டுக்குச் சத்தியக்கடதாசி எழுதுகிறவனிடமே சத்தியம்.

ஜெ.யின் மனு இன்னும் அடிக்கவில்லை. அவசரமும் இல்லை. பெரியவர் பழக்கிய பழக்கம்: மனுவைக் கடைசி இரண்டு நாளில் போடு, எதிர்க்கட்சிக்கு மூச்சு விட இடம் கொடுக்காதே.

என் மனுசி: "ஐஸ் மீன் எண்டு உங்களுக்கு மணக்கேல்லையோ?"

பெப்ரவரி 11, செவ்வாய்

வெயில். தெருவில் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று கந்தோருக்குள் தலையை விட்டு ஒரு பழைய காணி வழக்கின் இரண்டு பக்கத்தைத் தின்றது. துரத்தினால் முறைக்கிறது. இந்த ஊரில் மானுக்கும் வாய் நீளம்.

ஜெ. வந்தா, கலண்டர்த் தாளோடு.

"ஐயா, நான் எண்ணிப் பாத்தனான். இண்டையோட பதினாலு."

விளங்கப்படுத்தினேன். ஞாயிறு கழியும், போயா கழியும், அரச விடுமுறை கழியும் என்று. கேட்கவில்லை. திரும்பவும், "இல்லை ஐயா, நாள் எண்டால் நாள்தானே?" என்றா.

"இடியப்பத் தட்டு எண்ணுற மாதிரி இல்லைப் பிள்ளை, கோட்டு நாள் எண்ணுறது."

கதிரைகளில் இருந்த இரண்டு கட்சிக்காரர் சிரித்தார்கள். எனக்கும் நல்லாகத்தான் இருந்தது. ஜெ. கலண்டர்த் தாளை மடித்துக்கொண்டு போனா. எனக்குக் கணக்குப் படிப்பிக்க வந்திட்டா.

மனு மேசையில் ரெடி. சேர் கையெழுத்தும் வைத்தாயிற்று. இன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். பதிவாளர் கந்தோரில் இருக்கிற அந்தச் சிடுமூஞ்சியோடு நேற்று முத்திரைக்காக வாய்த்தர்க்கம். அவன் முகத்தில் இன்றும் முழிக்க ஏலாது. நாளை போயா. வியாழன் பார்ப்போம்.

பெப்ரவரி 13, வியாழன்

மனுப் போட்டாயிற்று. சிடுமூஞ்சி திகதியைப் பார்த்தான். முத்திரையைக் குத்திவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும். நாயே.

மார்ச் 20, வியாழன்

இன்று எதிர்க்கட்சியின் ஆட்சேபனை. அவர்களின் லோயர் ஒல்லிக்குச்சி. எழும்பி ஒரே ஒரு வசனம்: டிக்கிரி சேர்ப்பித்தது 28, மனுப் போட்டது 13, இடையில் பதினாறு நாள், காலம் கடந்த மனு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டம் தெரியாத குச்சி என்று நினைத்தேன். சேரைப் பார்த்தேன். சேர் புத்தகத்தைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு என் சிரிப்பு போய்விட்டது.

ஜெ. பின் வாங்கில் இருக்கிறா. அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினா. எல்லாம் சரிதானே என்ற மாதிரி. நானும் ஆட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

கந்தோரில் ஒருவரும் வர முன்னம் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு தரம் வாசித்தேன்.

மேன்முறையீட்டு அறிவித்தலுக்குப் பதினான்கு நாள், ஞாயிறும் விடுமுறையும் கழித்து. அது எழுதியிருக்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பைத் தள்ளக் கேட்கிற மனுவுக்கும் பதினான்கு நாள். அங்கே கழிக்கச் சொல்லி ஒரு எழுத்துக்கூட இல்லை. இரண்டும் பதினான்கு. இருபத்தாறு வருடமாக மேன்முறையீட்டுக்கு எண்ணி எண்ணிக் கை பழகிவிட்டது. அதே கையால் இதையும் எண்ணிவிட்டேன்.

சட்டம் எழுதினவனுக்கு ஞாயிறு ஒரு பக்கத்தில் ஞாயிறு, மற்றப் பக்கத்தில் திங்களா? எந்த மண்டை யோசித்தது இதை?

கடைசி நாள் பெப். 11. அவ கலண்டர்த் தாளோடு வந்து நின்ற நாள். மத்தியானம் சாப்பிடவில்லை. சிடுமூஞ்சிக்கு மனுவைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. 11ஆம் திகதி நான் போகவே இல்லை, பிறகு எப்படிச் சொல்வான் என்று மனம் கேட்கிறது. இருந்தாலும் அவன் நாய்தான்.

மே 8, வியாழன்

புழுக்கம். துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். வாசிக்கும்போது ஊதிய ஊதலில் கட்டளையின் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியே போதும்.

நீதிபதி: எதிராளி வராததற்கு நியாயமான காரணம் இருந்ததாகவே தெரிகிறது, ஆனால் பதினான்கு நாள் கடந்த பிறகு அதைப் பார்க்க இந்த மன்றுக்கு அதிகாரம் இல்லை. மனு தள்ளுபடி.

காரணம் நல்லதாம். பார்க்க ஏலாதாம். பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டி மூடின மாதிரி.

கட்டளை வாசிக்க முன்னம், ஏன் பிந்தியது என்று நீதிபதி கேட்டிருந்தார். சேர் எழும்பி, கண் இமைக்காமல், "எனது கட்சிக்காரர் காலம் தாழ்த்தியே அறிவுறுத்தல் தந்தார், கனம் நீதிபதி அவர்களே" என்றார்.

பின் வாங்கிலிருந்து ஜெ. எழும்பினா. "இல்லை ஐயா, நான் வந்து..." கோட்டுச் சேவகன் ஆராச்சி வாயில் விரல் வைத்து இருத்திவிட்டான்.

வெளியே தருமலிங்கம் வேட்டியும் விபூதியுமாக. எனக்கும் கும்பிடு போடுகிறான். என்ன துணிச்சல். கும்பிட்ட கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போல இருந்தது. நானும் கும்பிட்டேன்.

ஜெ. என்னிடம் வந்து, "நான் எண்டைக்கு வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே ஐயா?"

"கொப்பியைப் பாக்க வேணும் பிள்ளை."

இப்படித்தான் சொன்னேன். அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தேன்.

மே 9, வெள்ளி

சேர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இருபத்தாறு வருடத்தில் முதல் தரம் கதிரை காட்டினார்.

"வந்த ஆக்கள் பதியிற கொப்பி எங்கே?"

"மேசையில சேர்."

"அதை வீட்டை கொண்டுபோங்கோ. கந்தோர்ல அப்படி ஒரு கொப்பி இல்லை. விளங்கினதோ?"

"சேர், நாள் எண்ணினது நான். ஆனால் நீங்களும் கையெழுத்து..."

"அதைத்தான் நானும் சொல்லுறன். எண்ணினது நீங்கள்."

கோழை. தகப்பனின் மேசையும் தகப்பனின் பெயரும் மட்டும் வேண்டும். மனுவில் கையெழுத்து வைக்கும்போது திகதியை வாசித்தாரா? கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

கொப்பியைச் சேலைக் கடைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். அலுமாரியில், என் வேட்டிகளுக்குக் கீழே.

மே 16, வெள்ளி

ஜெ. வேறு லோயர் பிடித்துவிட்டா. ஒரு மிஸ், மூன்று வருடக் கறுப்புக் கோட்டு. கந்தோருக்கு வராமல் கோட்டு வளவு வேப்ப மரத்தடியில் என்னை மறித்தா. கெட்டிக்காரி, திமிரும் உண்டு.

"மேல் நீதிமன்றத்தில மீளாய்வு மனு போடலாம் அண்ணை. தடை உத்தரவும் கேக்கலாம். ஆனால் பிழை கட்சிக்காரற்ற இல்லை, கந்தோர்ற எண்டு நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி தர வேணும். கொப்பிப் பக்கத்தோட. இல்லாட்டி என்னட்ட ஒண்டும் இல்லை."

"சேரைக் கேக்க வேணும்."

"உங்கட சேரைக் கேட்டால் என்ன சொல்லுவார் எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கெதியாய்ச் செய்யுங்கோ. இதிலயும் பிந்தினால் ஏன் பிந்தினது எண்டு கேப்பினம். அதுக்கும் பதில் இராது."

கடதாசியை அடித்தே கொண்டுவந்திருந்தா. ஒன்றரைப் பக்கம். நல்ல தமிழ், ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. சமாதான நீதவான் ஒருவர் முன்னால் நான் கையெழுத்து வைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. பைக்குள் வைத்தேன்.

மே 21, புதன்

ஏன் கையெழுத்து வைக்கவில்லை:

1. வைத்தால் வேலை போகும். 57 வயதில் எவன் கந்தோரில் சேர்ப்பான்?
2. சேரின் பெயர் கெடும். அது கெடட்டும். பெரியவர் பெயரும் அதோடு சேர்ந்து கெடும்.
3. வைத்தாலும் மேல் நீதிமன்றம் ஏற்கும் என்று என்ன நிச்சயம்?
4. மிஸ்ஸின் திமிர்.
5. இனி நாள் எண்ண ஒருவனும் என்னிடம் வரமாட்டான்.

எழுதிவிட்டு வாசித்தேன். ஐந்தாவதுதான் உண்மை. மற்றதெல்லாம் அதற்குப் போட்ட உடுப்பு. வெட்கமாக இருக்கிறது. நாளைக்குப் பார்ப்போம்.

ஜூன் 4, புதன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வீடெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் மண்.

பின்னேரம் ஜெ. வீட்டுக்கே வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கேற்றுக்கு இந்தப் பக்கம் வரவும் இல்லை.

"மிஸ் சொன்னவ, கடதாசி உங்களிட்டத் தந்து கன நாள் எண்டு."

"பாத்துக்கொண்டிருக்கிறன் பிள்ளை. சில சொல்லுகள் திருத்த வேணும்."

"எந்தச் சொல் ஐயா?"

எந்தச் சொல்? காற்றில் கேற்று அடித்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான் என்னை ஏமாத்தினவர். அது தெரிஞ்ச கதை, அவர் வீட்டுக்காகச் செய்தவர். உங்களுக்கு என்ன ஐயா வேணும் என்னட்ட? நீங்கள் ஏன் இப்படிச் செய்யிறியள்?"

கோபம் வந்தது. என்னையும் தருமலிங்கத்தையும் ஒரே தராசில் போடுகிறா. நான் செய்தது கைப்பிழை. அவன் செய்தது துரோகம். கத்தினேன் போல. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஜெ. காற்றுக்குள்ளே நடந்து போனா.

மனுசி குசினியிலிருந்து, கையைத் துடைத்தபடி: "எண்ணினது கைப்பிழை. சரி, விடுவம். கடதாசியைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறது என்ன பிழை?"

இரவு சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

தேத்தண்ணிக் கடையில் நசீர், பிஸ்கால் உத்தியோகத்தன். கிண்ணியா ஆள். பதினைந்து வருடப் பழக்கம். பணிசைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னான்.

"அந்த லிங்கநகர் வீட்டு ஆக்கள எழுப்புற ரிட் வந்திட்டுது அண்ணன். பத்தொன்பதாம் திகதி ஒப்படைக்கணும். பாவம் அந்தப் பொம்பிள. நான் என்ன செய்யிற, கட்டளை."

எட்டு நாள் இருக்கிறது. மிஸ் தனக்கு இரண்டு நாள் போதும் என்று சொன்னவ. ஞாயிறு கழித்தாலும் ஏழு. நேரம் தாராளம்.

ஜூன் 16, திங்கள்

மிஸ் மூன்று தரம் போன் எடுத்தா. நான் எடுக்கவில்லை. நாலாம் தரம் ஒரு செய்தி: "இண்டைக்கு, இல்லாட்டி இல்லை." எனக்குக் கட்டளை போடுகிறா, என் மகள் வயது.

சேர் இன்று என்னோடு நல்ல அன்பு. கூரைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறாராம். கொப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டார். அதுதான் எனக்கு எரிகிறது.

ஜூன் 18, புதன்

முடிவு. நாளை வைக்கிறேன்.

சமாதான நீதவான் காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். மிஸ்ஸுக்குச் சொன்னேன். "நாளைக்கோ? நாளைக்குத்தானே அண்ணை அவங்கள் வாறாங்கள்" என்றா. பிறகு, "சரி, கொண்டு வாங்கோ. பத்தரைக்கு என்னட்ட இருக்க வேணும். முயற்சி செய்யிறன்."

கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தாயிற்று. ஜன. 30, 11 மணி, ஜெயராணி, லிங்கநகர். என் கையெழுத்து. அழகான கையெழுத்துத்தான்.

காலையில் முதலில் ஜெ. வீட்டுக்குப் போவேன். நான் வைக்கப் போகிறேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். ஒரு நல்ல வார்த்தை கேட்கவும் ஆசை இருக்கிறது. இருக்கக் கூடாதா?

ஜூன் 19, வியாழன்

9.15க்கு லிங்கநகர். பிந்திவிட்டேன். நசீர், இரண்டு பொலிஸ்காரர், பூட்டு உடைக்க ஒரு ஆள், தருமலிங்கம். ஒன்பதுக்கே தொடங்கிவிட்டார்கள்.

ஒழுங்கையில் கேற்றெல்லாம் சாத்தியிருந்தது. ஜன்னல் மட்டும் திறந்து. ஜெ.யும் மகளும் சாமானை வெளியே வைத்தார்கள். இடியப்பத் தட்டு, உரல், சாமிப் படம், தையல் மெசின், புருஷனின் மாலை போட்ட படம். நசீர் ஒவ்வொன்றாக எழுதினான். தருமலிங்கம், "கவனமாத் தூக்குங்கோ, தம்பியின்ர படம்" என்றான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜெ.யிடம் போனேன். "பிள்ளை, கடதாசி பையில இருக்கு. பத்து மணிக்கு..."

"தள்ளி நில்லுங்கோ ஐயா, உரல் வருது."

தள்ளி நின்றேன்.

புதுப் பூட்டுப் போட்டார்கள். நசீர் அறிக்கையை ஜீப் பொனற்றின் மேல் விரித்து வைத்துச் சுற்றிப் பார்த்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், நீங்க நிக்கிறீங்க. சாட்சிக்கு வர வேண்டிய விதானையார் இன்னும் வரல்ல. அக்கம்பக்கம் ஒருத்தரும் வெளிய வாறாங்க இல்ல. சாட்சிக்கு ஒண்டு போடுங்க அண்ணன், அறிக்கை முடியட்டும்."

பேனை சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். கொடுத்த கோட்டில் பெயர், முழு விலாசம், அடையாள அட்டை இலக்கம், திகதி, நேரம் 9.40. கீழே கையெழுத்து. இருபத்தாறு வருடமாக ஒரு தாளை நீட்டினால் செய்கிற அதே வேலை. நசீர் தாளை இழுத்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று தெரிந்தது.

நிமிர்ந்தேன். ஜெ. தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. கத்தவில்லை. பக்கத்தில் நின்ற மகளிடம்தான் சொன்னா, எனக்குக் கேட்கிற சத்தத்தில்.

"பார் பிள்ளை, ஐயாவுக்குக் கை நல்லாத்தான் இருக்கு."

பத்தேகாலுக்குக் கந்தோரில் இருந்தேன், கையெழுத்து வைக்காத கடதாசி பைக்குள்.